சிமெண்ட் மரத்துக்குக் குருவிச் சத்தம்

பிரதர்,

என் கடை மேசையில் ஒரு பென்டிரைவ் கிடக்கிறது. நீல நிறம், சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உங்கள் கோயில் செயலாளர் கொண்டுவந்து கொடுத்தது. திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை, இனி வரவும் மாட்டார்கள். காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றும்போது அது கண்ணில் படுகிறது. பட்டதும் வயிறு எரிகிறது. சாக்கடையில் வீசிவிடலாம் என்று பல தடவை கையில் எடுத்திருக்கிறேன். வீச முடியவில்லை. அதற்குள் பறவைச் சத்தம் இருக்கிறது. அது எந்தப் பறவைகளின் சத்தம் என்று தெரிந்த பிறகு அதை வீசவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம்கூட நிறையவில்லை. அதற்குள் இங்கே என்னவெல்லாம் நடந்துவிட்டது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் கோயில்காரர்கள் ஜெபத்தில் நல்ல செய்தியை மட்டும் சொல்கிறவர்கள். நான் உங்கள் மதத்துக்காரன் இல்லை, ஜெபமும் தெரியாது. மைக் செட்டு கட்டுகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தமாகப் பேசுவதுதான். அதனால் சத்தமாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அடி அண்ணாமலையிலிருந்து கடையை வேங்கிக்கால் பக்கம் மாற்றி, சவுண்ட் சர்வீஸ் என்று புதுப் போர்டு மாட்டியிருந்தேன். காதுகுத்தோ கூழ் ஊற்றுகிற திருவிழாவோ கட்சிக் கூட்டமோ, நான் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேட்கும் என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. வாசலில் ஒரு பழைய சைக்கிளைச் சாத்திவிட்டு நீங்கள் உள்ளே வந்தீர்கள். சாயம் போன சட்டை, லுங்கி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மரச் சிலுவை. என் வயதுதான் இருக்கும். யாரோ பிளம்பர் என்று நினைத்தேன். மாதா கோயிலில் தங்கியிருக்கிற துறவி, எல்லோரும் பிரதர் என்று கூப்பிடுகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது.

"கம்மியா சத்தம் வர்ற செட்டு இருக்குங்களா?" என்று கேட்டீர்கள்.

என் தொழிலில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் ஜாஸ்தி வேண்டும் என்றுதான் கேட்பார்கள். பக்கத்து ஊர்க்காரன் காதில் விழ வேண்டும், எதிர்க்கட்சிக்காரன் தூக்கம் கெட வேண்டும், இப்படித்தான் ஆர்டர் வரும். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. உங்கள் சின்னக் கோயிலில் பிரான்சிஸ் அசிசியார் திருநாள் வருகிறது என்றும், ஆடு மாடுகளை எல்லாம் கூட்டி வந்து மந்திரிப்பார்கள் என்றும், சத்தம் பெரிதாக இருந்தால் அதுகள் மிரளும் என்றும் பொறுமையாகச் சொன்னீர்கள். ஆடு மாடுகளுக்குப் பூசை வைக்கிற கிறிஸ்தவக் கோயிலா என்று வேடிக்கை பார்க்கத்தான் நானே வண்டியில் ஏறி வந்தேன்.

அன்றைக்குத்தான் அந்த அரசமரத்தைச் சரியாகப் பார்த்தேன். சுற்றிலும் வயல் எல்லாம் பிளாட் ஆகி, கல் நட்டு, பாதி இடத்தில் வீடும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற பெரிய மரம் அது ஒன்றுதான். அதுவும் ஒரு மாதா கோயில் வளாகத்தில் அரசமரம். உங்கள் ஆட்களில் சிலருக்கு அது உறுத்தல். "அது அவங்க மரமாச்சே" என்று முணுமுணுப்பார்கள். எங்கள் ஆட்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குழந்தை வேண்டிக்கொண்ட ஒரு பெண் உள்ளே வந்து மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனதில் ஒரு தடவை பெரிய பஞ்சாயத்தே ஆனது. நீங்கள் இரண்டு பக்கத்தையும் பார்த்து ஒரே பதில்தான் சொன்னீர்கள். "காக்கா போட்ட மரங்க. அதுக்கு ஞானஸ்நானமும் குடுக்கல, காப்பும் கட்டல. சும்மா நிக்குது, நிக்கட்டும்."

நான் குழாயைத் தூக்கிக் கட்டப் போனபோது கீழே நின்று கையைக் காட்டினீர்கள்.

"ரோட்டப் பாத்து இருக்கட்டும். மரத்தப் பாத்து வேணாம்."

"ஏன் பிரதர், மரத்துக்குக் காது வலிக்குமா?"

"மரத்துக்கு வலிக்காது. குடியிருக்கறவங்களுக்கு வலிக்கும்."

சரி, கிறுக்குப் பிடித்த ஆள் என்று முடிவு செய்துகொண்டேன். சாயங்காலம் உங்கள் கிறுக்கு இன்னும் முற்றியது. மந்திரிப்பு முடிந்து, சனம் எல்லாம் சேரில் உட்கார்ந்து, அப்போதிருந்த வயதான சாமியார் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரம். நீங்கள் என் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் வந்து குனிந்து, "அரை மணி நேரம் நிறுத்திடுங்க" என்றீர்கள். சாமியார் பேசும்போது எப்படி நிறுத்துவது என்று நான் முழித்தேன். "அவருக்குத் தெரியும். அவங்க வீட்டுக்கு வர்ற நேரம்" என்று சொல்லிவிட்டு, ஸ்விட்சை நீங்களே அணைத்தீர்கள். சாமியார் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டமும் பேச்சை நிறுத்தியது.

அப்புறம் வந்தன. நாலு திசையிலிருந்தும் மைனா, கிளி, காக்கா, பேர் தெரியாத சின்னதுகள். ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு, தள்ளிக்கொண்டு, இடம் பிடித்துக்கொண்டு அவை போட்ட கூச்சலுக்கு முன்னால் என் குழாய் எல்லாம் ஒன்றுமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் தீபத்துக்கு மறுநாள் சென்னை பஸ்ஸுக்கு அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. மந்திரித்த ஆடுகள் காதை விடைத்துக்கொண்டு மேலே பார்த்தன. கூட்டம் பேசாமல் உட்கார்ந்து கேட்டது. இருட்டியதும் சத்தம் தானாக அடங்கியது. நீங்கள் தலையை ஆட்டினீர்கள். நான் செட்டைப் போட்டேன். சாமியார் விட்ட இடத்திலிருந்து நன்றியைத் தொடர்ந்தார்.

சாமான் ஏற்றும்போது உங்கள் அசிசியார் யார் என்று கேட்டேன். பணக்கார வீட்டுப் பிள்ளை, எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவர், ஓநாயோடு சமாதானம் பேசினவர், பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தவர் என்று கதை கதையாகச் சொன்னீர்கள். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "குருவிங்க பிரசங்கம் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சுன்னுதான் சொல்வாங்க. ஆனா அவர் பேசி முடிச்சதும் குருவிங்க பேசியிருக்கும் இல்ல? அவர் உக்காந்து கேட்டிருப்பாரு. அந்தப் பாதிய யாரும் சொல்றதில்ல. எனக்கு அந்தப் பாதிதான் பிடிக்கும்."

அன்றிலிருந்து அந்தத் திருநாளுக்கு வேறு யாரும் செட்டு கட்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் பொழுது சாயும்போது நீங்கள் தலையை ஆட்டுவீர்கள், நான் அணைப்பேன். பிறகு நீங்கள் தலையாட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, வெளிச்சம் மாறும்போதே என் கை போய்விடும். சனமும் பழகிவிட்டது. புதிதாக வந்தவர்கள் யாராவது பேசினால் பக்கத்தில் இருப்பவர் தொடையில் தட்டுவார்.

பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் கோணியோடு உங்களைப் பார்த்த முதல் தடவை எனக்குச் சங்கடமாக இருந்தது. சாமி கும்பிட வந்த எங்கள் சனம் போட்டுவிட்டுப் போன அன்னதானத் தட்டையும் தண்ணீர் பாட்டிலையும் நீங்கள் ஏன் பொறுக்க வேண்டும்? டீக்கடையில் ஒருவர் கேட்டே விட்டார், கிறிஸ்தவர் கிரிவலம் வரலாமா என்று. "சுத்தறவங்க சுத்தட்டுங்க. நான் பின்னாடி வர்றேன்" என்றீர்கள். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் உங்களை மலை சுற்றுகிற சாது என்று நினைத்து, கோணியோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். நீங்கள் அவர் கையில் இன்னொரு கோணியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் அடி அண்ணாமலை தாண்டி வேலி ஓரத்தில் அந்தப் புள்ளிமான் செத்துக் கிடந்த நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் பாலித்தீன் பை தொங்கிக்கொண்டிருந்தது, பாதி உள்ளே, பாதி வெளியே. சாம்பார் வாசனை இன்னும் அதில் இருந்தது. அந்தப் பையில் சாப்பாடு கட்டிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும், அவருக்குச் செட்டு கட்டியவனே நான்தான். நேரே போய் அவர் சட்டையைப் பிடிக்கிறேன் என்று குதித்தேன். நீங்கள் மானின் வாயிலிருந்து பையை மெதுவாக உருவிக்கொண்டிருந்தீர்கள்.

"உங்களுக்குக் கோவமே வராதா பிரதர்?" என்று கத்தினேன்.

"நீங்க கோவப்படுங்க. நான் கூட்டறேன். ரெண்டும் வேணும்" என்றீர்கள்.

நல்ல ஏற்பாடு. வருஷக்கணக்காக நான் ஊரில் ஒவ்வொருவரோடும் சண்டை போட்டேன், நீங்கள் கூட்டினீர்கள். அன்னதானக்காரர் வாழை இலைக்கு மாறினார், அது என் சண்டையாலா உங்கள் கோணியாலா என்று நாம் பந்தயம் கட்டினோம். இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு உங்களுக்கு ஈரலில் கோளாறு என்றார்கள். வேலூரில் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பார்க்க வரும்போது ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்கவில்லை, உங்களால் சாப்பிடவும் முடியாது. அதனால் முந்தின சாயங்காலம் மரத்தடிக்குப் போய், என் நல்ல மைக்கை வைத்து, பறவைகள் வீடு வருகிற சத்தத்தை முழுசாகப் பதிவு செய்தேன். தொடக்கத்தில் இருமல் வந்துவிட்டது. "பிரதர், கேளுங்க, எல்லாரும் வர்றாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தள்ளி நின்றேன். அதை உங்கள் காதில் வைத்துப் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டீர்கள். முகம் தெளிந்தது. நான் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தினேன்.

நீங்கள் கண்ணைத் திறந்து, "இவங்க நேத்து வந்தவங்க. இன்னிக்கு வந்தாங்களான்னு போய்ப் பாருங்க" என்றீர்கள்.

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆனாலும் அன்று சாயங்காலமே பஸ் பிடித்துத் திரும்பி வந்து மரத்தடியில் நின்றேன். வந்திருந்தார்கள். போனில் சொன்னேன். "சரி" என்றீர்கள். உங்களிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். மாசியில் உங்களை நம் ஜில்லாவிலேயே இருக்கிற சேத்துப்பட்டில் அடக்கம் செய்தார்கள். அந்த வாரம் என்னையும் சேர்த்திருந்த உங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பூப்படமும் கைகூப்புகிற படமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பதிவைப் போட்டேன். வேறு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஆவணி மாதம் செயலாளர் கடைக்கு வந்தார். சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், உங்களுக்குத் தெரிந்தவர்தான். முகம் முழுக்கச் சந்தோஷம். உங்கள் நினைவாக அசிசியாருக்கு ஒரு கெபி, அதாவது குகை மாதிரி ஒரு மாடம், கட்டப் போகிறார்களாம். உள்ளே பெரிய சொரூபம், எங்கள் பாஷையில் சிலை. தலைக்கு மேலே சிமெண்டில் ஒரு மரம். கிளைகளில் சிமெண்ட் கிளி, சிமெண்ட் மைனா, சிமெண்ட் புறா. பெயிண்ட் அடிக்க விழுப்புரத்திலிருந்து ஆள் வருகிறார். கிளைக்குள்ளே சின்ன ஸ்பீக்கர்களை ஒளித்து வைத்துப் பறவைச் சத்தம் போட வேண்டும், அந்த வேலை எனக்கு.

"நல்லாத்தான் இருக்கு. எங்க கட்டறீங்க?" என்றேன்.

"அரசமரம் நிக்குதே, அங்கதான். அத எடுத்துடறோம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். வேர் சுவரைப் பிளக்கிறதாம். பூசைக்கு வருகிறவர்கள் கார் மேலெல்லாம் எச்சம் விழுகிறதாம். சொரூபத்தை மரத்தடியில் வைத்தால் புனிதர் தலையிலேயே பறவைகள் எச்சம் போட்டுவிடுமாம்.

"யோவ், அவரு குருவிங்களுக்குப் பிரசங்கம் பண்ணவருய்யா. அவரு தலையில எச்சம் விழாம வேற யாரு தலையில விழும்?" என்று கத்தினேன். பெரியவரை யோவ் என்று கூப்பிட்டது தப்புதான், வாய் முந்திக்கொண்டது.

"நாங்க பிரதருக்காகத்தானே பண்றோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை பிரதர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். அந்த மனிதர் கண் கலங்கிக்கொண்டே மரத்தை வெட்டப் போகிறார்.

புதுச் சாமியாரிடம் போனேன். சின்ன வயது, நல்ல பிள்ளை, காபி கொடுத்தார். பங்குப் பேரவை என்கிற கோயில் கமிட்டியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், வந்ததும் வராததுமாகத் தான் எப்படி எதிர்ப்பது என்றார். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். பொழுது சாயும்போது நிறுத்துகிற வழக்கத்தைச் சொன்னேன். அவர் குனிந்து காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப அழகா இருக்குண்ணா" என்றார். அழகாக இருக்கிறதாம். மரம் போகப் போகிறது, இவருக்கு அழகாக இருக்கிறது.

என் பக்கத்துக் கடை டயர்க்காரரிடம் புலம்பினேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இதுக்கு ஏன் இவ்ளோ கஷ்டப்படறீங்க? அரசமரம்தானே? ஒரு கல்லை நட்டு மஞ்சளத் தடவி, ரெண்டு பூவப் போடுங்க. நாலு பேரக் கூட்டிட்டு வர்றேன். எவன் கைய வெக்கறான்னு பாக்கலாம்."

சொன்னால் செய்வார். மரமும் நின்றிருக்கும். அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு அது மரமாக இருந்திருக்காது, கேஸாக ஆகியிருக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் போலீஸ் வேன், இரண்டு பக்கமும் என் குழாய். காக்கா போட்ட மரம் என்று நீங்கள் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்ததை நானே யார் மரம் என்று கேட்கிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த முடியவில்லை. டயர்க்காரரிடம் வேண்டாம் என்றேன். உங்களுக்காகச் சொன்னேன். சொன்னதற்காக இப்போதும் உங்கள் மேல் கோபம் வருகிறது.

நான் செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குச் செட்டு கட்டப் போயிருந்த நாளாகப் பார்த்து வெட்டினார்கள். திரும்பி வரும்போது அந்தத் தெருவில் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது, வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. கட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். தரையில் அரச இலை மட்டும் பச்சையாக அலை அலையாகக் கிடந்தது. சாயங்காலம் வரைக்கும் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். என் மனைவி, "ஒரு மரத்துக்கா இப்படி?" என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

புரட்டாசி பிறந்ததும் செயலாளர் இந்தப் பென்டிரைவைக் கொண்டுவந்தார். சத்தம் ஏற்பாடு ஆகிவிட்டது, சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் போன பிறகு செருகிப் போட்டேன். முதலில் ஓர் இருமல். பிறகு என் குரல். "பிரதர், கேளுங்க, எல்லாரும் வர்றாங்க."

அதற்குப் பிறகு மைனா, கிளி, காக்கா. அதே மரம், அதே சண்டை, அதே தள்ளுமுள்ளு. குழுவில் நான் போட்டதை எடுத்து வைத்திருக்கிறார்கள் பிரதர். மரத்தை வெட்டிவிட்டு, அந்த மரத்தில் இருந்தவர்களின் குரலையே எடுத்து சிமெண்ட் வாயில் வைக்கச் சொல்கிறார்கள். சாகிறவருக்குக் கொண்டுபோன சத்தம் அது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன், கெட்ட வார்த்தைகளும் நிறையச் சொன்னேன். உங்கள் காதில் விழுந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

திருநாளுக்குப் போகப் போவதில்லை என்றுதான் இருந்தேன். என் மனைவிதான் சொன்னாள். "நீங்க போவலன்னா அந்த போளூர் செட்டு வரும். அவன் கம்பத்துக்கு நாலு குழா கட்டுவான். இன்னா பண்றதா உத்தேசம்?" அவள் சொல்வது சரி. போனேன். பழக்கதோஷத்தில் குழாயை ரோட்டைப் பார்த்துத்தான் கட்டினேன். கட்டிவிட்டுத் திரும்பினால் இந்தப் பக்கம் மரம் இல்லை. கெபியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

ஆடு மாடுகள் இந்த வருஷம் வெளியே ரோட்டில். உள்ளே டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், அழுக்காகிவிடுமாம். சிறப்பு விருந்தினர் காரில் வந்தார், தாமதமாகத்தான் வந்தார். இயற்கையைப் பற்றி நீளமாகப் பேசினார். அசிசியார் சுற்றுச்சூழலின் பாதுகாவலர் என்றார். ஆளுக்கொரு மரம் நட வேண்டும் என்றார். மர நிழல் இல்லாமல் மேற்கு வெயில் அவர் முகத்திலேயே அடித்தது, கையால் கண்ணை மறைத்துக்கொண்டே பேசினார். துணியை இழுக்கும்போது பென்டிரைவைப் போட வேண்டும் என்று செயலாளர் எனக்குக் கையால் ஜாடை காட்டினார். நானும் செருகித்தான் வைத்திருந்தேன். நான் எந்தத் திட்டமும் போட்டுக்கொண்டு போகவில்லை பிரதர், சத்தியமாகச் சொல்கிறேன்.

துணி விழுந்தது. கைதட்டினார்கள். பளபளவென்று பச்சை எனாமல் இலைகள், நடுவில் கையை விரித்தபடி உங்கள் அசிசியார். அந்த நேரம் பார்த்து வெளிச்சம் மாறியது. மலைப்பக்கம் சிவந்தது. என் கை தானாகப் போய் செட்டை அணைத்தது.

விருந்தினர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். செயலாளர் ஓடி வந்தார்.

"இன்னாப்பா, கரண்ட் போச்சா?"

"கரண்ட் இருக்குது. அவங்க வீட்டுக்கு வர்ற நேரம் ஆச்சு."

அவர் என்னைத் திட்ட வாயைத் திறந்தார். திறந்தவர் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் அமைதியாக உட்கார்ந்திருந்தது. யாரும் அவர்களை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. நீங்கள் இத்தனை வருஷமாகப் பழக்கி வைத்திருந்த சனம், செட்டு நின்றதும் வாயை மூடிக்கொண்டது. பேசிய ஒரு பெண்ணின் தொடையில் பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். விருந்தினர் என்ன நடக்கிறது என்று கேட்டார். சாமியார் எழுந்தார். என்னைத் தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் விருந்தினரிடம் குனிந்து, "உக்காருங்க சார். கொஞ்ச நேரம் ஆவும்" என்று மட்டும் சொன்னார்.

வந்தார்கள் பிரதர்.

மரம் போய் இத்தனை நாள் கழித்தும் வந்தார்கள். நாலு திசையிலிருந்தும் அதே கூச்சலோடு வந்து, மரம் இருந்த இடத்துக்கு மேலே வட்டம் போட்டார்கள். கிளை இருந்த உயரத்துக்கு இறங்குவார்கள், அங்கே ஒன்றும் இருக்காது, மறுபடி ஏறுவார்கள். சில மைனாக்கள் சிமெண்ட் கிளையில் உட்காரப் பார்த்தன. எனாமல் வழுக்கிவிட்டது. ஒரு கிளி அசிசியாரின் விரித்த கையில் உட்கார்ந்து கத்து கத்தென்று கத்தியது. யாரும் அசையவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காமல் இருக்க வழியில்லை, கேட்காமல் இருக்கவும் வழியில்லை, அந்தப் பழக்கத்தை அவர்களுக்கு ஏற்படுத்தியதே நீங்கள்தான். அசிசியார் பேசிய பாதியை எல்லோரும் மேடையில் பேசி முடித்துவிட்டார்கள். நீங்கள் சொன்ன அந்த இன்னொரு பாதி அப்போதுதான் நடந்தது.

செயலாளர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இருட்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போனார்கள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் சிலர், லைன் கம்பியில் சிலர், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. நான் செட்டைப் போட்டேன். யாரும் மைக் பக்கம் வரவில்லை. சாமியார் மட்டும் என்னிடம் வந்து, "பென்டிரைவ் போட வேணாம்ணா. நீங்களே வச்சுக்குங்க" என்றார். அன்று கழற்றிய ஒயரை அந்தக் கிளை ஸ்பீக்கர்களுக்கு இன்றுவரை யாரும் திரும்ப மாட்டவில்லை. மறுநாளிலிருந்து சொரூபத்தின் கையில் எச்சம் இருக்கிறதாம், துடைக்க வேண்டாம் என்று சாமியார் சொல்லிவிட்டாராம். நல்லதுதான். மரம் திரும்பி வந்துவிடுமா?

பென்டிரைவில் இருப்பவர்கள் நேற்று வந்தவர்கள். இன்றைக்கு வந்தார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் தினமும் பொழுது சாயும்போது கடைக்கு வெளியே வந்து நிற்கிறேன். கம்மியாகிக்கொண்டே வருகிறார்கள்.

போன வாரம் அடி அண்ணாமலையில் ஒரு கோயில் விசேஷம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே செட்டை அணைத்தேன். தர்மகர்த்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, ஃபியூஸ் போச்சா என்றார். அவங்க வீட்டுக்கு வர்ற நேரம் என்றேன். யார் என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்தார். குளத்தங்கரைப் புளியமரத்தைக் காட்டினேன். பாதி மனசோடு அங்கேயே நின்றார். இனி என் செட்டு எங்கே போனாலும் இப்படித்தான். பிடிக்காதவர்கள் போளூர்க்காரனைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

நான் கோபப்பட வேண்டும், நீங்கள் கூட்ட வேண்டும் என்பதுதான் நமக்குள் பேச்சு. நீங்கள் பாதியில் போய்விட்டீர்கள். பௌர்ணமிக்கு மறுநாள் உங்கள் கோணியை நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். இடுப்பு பிடித்துக்கொள்கிறது. குனிந்து கூட்டினால் கோபம் அடங்கிவிடும், அதனால்தான் நீங்கள் அப்படி இருந்தீர்கள் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை பிரதர். பொழுது சாய்ந்தால் செட்டை அணைப்பேன். இதை அணைக்க மாட்டேன்.